படியில் வைத்த மீன்

எடமலைப்பட்டி புதூரில் இன்று எதிர்வீட்டு அக்கா வாழையிலையில் சுட்ட மீனை நீட்டியதும், அந்தக் கருகிய இலை வாசனை, அப்பாவும் அம்மாவும் மிஷன் ஆசிரியர்களாக இருந்த பசிபிக் தீவுக்கு என்னை இழுத்தது. இப்போது கடலுக்குள் போய்விட்ட அந்தப் பள்ளிக் குடியிருப்பில், காலை ஜெப மணிக்கு முன்பே யாரோ எங்கள் படியில் இதேபோல் ஒரு பொட்டலம் வைத்துப் போவார்கள்.

“ஏங்க, சும்மா யாரு குடுப்பா? மார்க் போடச் சொல்லித்தான்,” என்று அப்பாவிடம் முணுமுணுத்தபடி அம்மா அதைப் பூனைக்குப் போடுவாள்.

ஊர் திரும்பும் நாளில்தான் தலைமையாசிரியர் சொன்னார்: பிள்ளைக்குப் பாடம் சொல்பவருக்கு முதல் மீன், மிச்சம்தான் வீட்டுக்கு என்பது அந்தத் தீவின் வழக்கம். அம்மா அன்று சாப்பிடவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான், கதவைப் பாதிக்கு மேல் திறக்காமல், “என்னக்கா திடீர்னு?” என்று கேட்டேன்.