நுனி நூல்

அந்தக் கத்தரிக்கோல் இன்னும் அண்ணி வீட்டுத் தறிக்கொட்டகையில், ஆணியில்தான் தொங்குகிறது. போகும்போதெல்லாம் கண் முதலில் அதன்மேல்தான் விழுகிறது. கறுத்த இரும்புக் கைப்பிடி; அண்ணன் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும்.

அண்ணன் போய்ச்சேர்ந்த பிறகு அந்தத் தறியை யாரும் தொடவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா செய்வித்த தேக்குமரத் தறி. மழைக்கு ஓடு ஒழுகி, கால்மரம் ஒன்றைக் கரையான் தின்றிருந்தது. அண்ணி எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆளில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "தம்பி, அது மறுபடி ஓடுமா? சும்மா நிக்கிறத பாத்துகினு இருக்கிறது பேஜாரா கீது" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. மீசை முளைக்கும் முன்பே தறியைவிட்டு ஓடி, அணுபுரத்துப் பட்டறை ஒன்றில் பிட்டர் ஆனவன் நான். இப்போதாவது அந்த வீட்டுக்கு ஓர் உபகாரம் செய்வோம் என்று கிளம்பினேன்.

அண்ணி ஊரப்பாக்கத்தில் உள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் வேலையை ஆரம்பித்தேன். வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை. எதையும் சுத்தம் செய்த பிறகே ரிப்பேரில் கைவைக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறைப் பழக்கம். இழைகள் நுழைந்து வரும் அச்சிலும் விழுதுகளிலும் அழுக்கேறிய நூல் துண்டுகள் ஒட்டடையோடு தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கத்தரியாலேயே கரகரவென்று வெட்டி உருவி, கொல்லையில் குப்பையோடு கொளுத்தினேன். அப்புறம் கால்மரத்தை மாற்றினேன், மிதிகளுக்குப் புதுக் கயிறு கட்டினேன். விசிலடித்துக்கொண்டு செய்தேன் என்பதை நினைத்தால் இப்போது வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு சேலையை வெட்டி எடுக்கும்போது நெசவாளி தறியை மொட்டையாக விடமாட்டார். பழைய பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், நுனியை அச்சிலேயே விட்டுவைப்பார். சாம்பல் தொட்ட விரலால் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்த நுனியோடு பிணைத்தால் அடுத்த சேலை தொடரும். அந்த வீட்டில் பிறந்த எனக்கும் இது தெரியும். தெரிந்தும், என் கண்ணில் பட்டது அழுக்குதான்.

அண்ணி வந்தார். புதுக் கால்மரத்தைத் தடவினார். பிறகு குனிந்து அச்சைப் பார்த்தார்.

"இங்க இருந்த நூலு எங்க தம்பி?"

சொன்னேன்.

"அவரு கடைசியா வெட்டுன பாவு. அதுலயே பிணைச்சிக்கலாம்னு இருந்தேன்" என்றவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. பிறகு எழுந்து, "டீ குடிக்கிறியா?" என்றார்.

புதுப் பாவை மொட்டை அச்சில் இழை இழையாகக் கோக்க இரண்டு பேர் வேண்டும். முன்னால் அண்ணி கொக்கியோடு உட்கார்ந்தார். பின்னாலிருந்து நூலை எடுத்து நீட்டுவது எப்போதும் அண்ணன் வேலை. லீவு போட்டு அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். நடுவில் ஒருமுறை, தன்னை மறந்து, "ஏங்க, அடுத்தது குடுங்க" என்றார். அவர் நிமிரவில்லை. நூலை நீட்டினேன்.

போன வாரம் அண்ணி நெய்த முதல் சேலை முடிந்தது. ஆணியிலிருந்து கத்தரியை எடுத்து என்னிடமே நீட்டினார் அண்ணி.

"நீங்களே வெட்டுங்க அண்ணி."

"புடி. நுனிய வுட்டுட்டு வெட்டு."

வெட்டினேன். கைப்பிடியின் பளபளத்த பக்கத்தில் என் கட்டைவிரல் சரியாகப் பொருந்தியது. அச்சில் நுனிகள் வரிசையாக நின்றன, அத்தனையும் புதுசு. அண்ணன் இழை ஒன்றுகூட அதில் இல்லை.