மயிலம்மாள் ஃபாகரை நிறுத்திய மதியம்

மயிலம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறாள். அவள் பொறுப்பில் ஒரு ஷெட், அதில் ஐயாயிரம் கோழி. தீவனம் போடுவது, முட்டை எடுப்பது, தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் சரி செய்வது, செத்ததைப் பொறுக்கி எடுப்பது எல்லாம் அவள்தான். அதிகம் பேசாதவள் என்று பண்ணையில் பெயர் வாங்கியிருந்தாள். ஐயாயிரம் கோழி கத்துகிற இடத்தில் யார் பேசினால் யாருக்குக் கேட்கும் என்பது அவள் கட்சி.

போன வருஷம் தை மாதம், வெளிநாட்டுக்கு முட்டை அனுப்புகிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஆய்வுக்கு வந்தார்கள். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சுத்தமாக இருக்கிறது என்றார்கள். போகிறபோது, முட்டைக் கணக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவரின் படிப்பு என்ன என்று கேட்டார்கள். ஆறாவது என்றாள் மயிலம்மாள். எட்டாவதாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் முதலாளி பிரபாகர் கூப்பிட்டுச் சொன்னார்.

“மயிலம்மா, இனி உங்க ஷெட்டுக்கும் அறிவே கையெழுத்துப் போடட்டும்.”

அறிவு பக்கத்து ஷெட்டைப் பார்த்துக்கொள்பவன். முப்பது வயது, பிளஸ் டூ.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமுங்க.”

“தெரியும். எட்டாவதும் தெரியோணுமாம்.”

அன்றிலிருந்து மயிலம்மாள் எண்ணிச் சொல்வாள், அறிவு எழுதிக் கையெழுத்துப் போடுவான். பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் நாமக்கல் போய், எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பழைய பாடப் புத்தகங்களையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் வீட்டுக்காரர் கந்தப்பன் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பார். புத்தகக் கட்டைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஆருக்கு?” என்றார்.

“எனக்குத்தானுங்க.”

“சரி,” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

தமிழ்ப் பாடத்தை மயிலம்மாள் கடமைக்குப் படித்தாள். சமூக அறிவியலில் ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டே இருந்தார்கள். ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை. அறிவியலில்தான் அவளுக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. இவர்கள் எழுதியிருப்பது உண்மையாக இருக்குமா என்ற சந்தேகம். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதற்காக நம்பிவிடுகிற ஆள் இல்லை அவள்.

அதனால் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். நல்ல முட்டை தண்ணீரில் மூழ்கும், தண்ணீரில் உப்பு சேரச் சேர அடர்த்தி கூடி அதே முட்டை மிதக்கும் என்று போட்டிருந்தது. குண்டாவில் தண்ணீர் வைத்து, முட்டையைப் போட்டு, கல்லுப்பைக் கொட்டிக்கொண்டே வந்தாள். ஏழாவது கை உப்புக்கு முட்டை எழும்பி மேலே வந்து நின்றது. அதை எடுத்துக் கழுவி அன்றைக்கே குழம்பில் போட்டுவிட்டாள்.

நிறை வேறு, எடை வேறு என்ற பாடத்தைக் கந்தப்பனிடம் சொல்லிப் பார்த்தாள்.

“நிலாவுல போய் நின்னா உங்க எடை ஆறுல ஒரு பங்குதானாமுங்க. இங்க எழுவத்தெட்டு கிலோ காட்டறது அங்க பதிமூணுதான் காட்டுமாம்.”

கந்தப்பன் யோசித்தார். “அங்க முட்டை லோடு போகுதா?”

“இல்லீங்க.”

“அப்பறம் நான் எதுக்கு அங்க போறேன்?”

அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

பங்குனியில் ஆவியாதல் பாடத்துக்கு வந்தாள். தண்ணீர் காய்கிறபோது பக்கத்தில் இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அதனால்தான் வேர்வை காய்ந்தால் உடம்பு குளிர்கிறது என்று போட்டிருந்தது. சூடு அதிகமானால் சீக்கிரம் காயும். பரப்பு அதிகமானால் சீக்கிரம் காயும். காற்று வீசினால் சீக்கிரம் காயும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் காயாது. மயிலம்மாள் இரண்டு துண்டை நனைத்தாள். ஒன்றை ஃபேனுக்கு நேரே கட்டினாள். இன்னொன்றைக் குளியலறையில் தொங்கவிட்டு, தரையில் தண்ணீரை ஊற்றிக் கதவைச் சாத்தினாள். முதல் துண்டு முக்கால் மணி நேரத்தில் காய்ந்தது. இரண்டாவது மறுநாள் காலையிலும் சொதசொதவென்று இருந்தது. அந்த விஷயத்தில் புத்தகத்தை நம்பினாள்.

அடுத்த நாள் ஷெட்டில் வேலை செய்கிறபோது வேறொன்று தோன்றியது. கோழிக்கு வேர்க்காது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து இரைக்கும். அப்படியானால் அது தொண்டை ஈரத்தைக் காய வைத்துத்தான் உடம்பைக் குளிர வைக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் தேடினாள். நாய் நாக்கைத் தொங்கப்போடுவது இருந்தது. கோழி இல்லை. பாடம் எழுதினவர் நாமக்கல் பக்கம் வந்ததில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

கத்தரி வெயில் தொடங்கிய வாரத்தில் பிரபாகர் இரண்டு ஷெட்டிலும் ஃபாகர் மாட்டினார். கூண்டுகளுக்கு மேலே குழாய் ஓடும், அதிலுள்ள சின்னத் துவாரங்கள் தண்ணீரைப் புகை மாதிரி தெளிக்கும். முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் ஃபாகரைப் போட வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதி வெப்பமானிக்குப் பக்கத்தில் ஒட்டினார். முதல் இரண்டு வாரம் வறண்ட வெயில். ஃபாகர் போட்டதும் ஷெட் குளுகுளுவென்று ஆகிவிடும். எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாவது வாரம் ஒருநாள் விடிகாலையில் மழை பெய்தது. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு மணிக்கு வெப்பமானி முப்பத்தாறு காட்டியது. இலை அசையவில்லை. இரண்டு ஷெட்டிலும் ஃபாகர் ஓடிக்கொண்டிருந்தது.

மயிலம்மாள் நெற்றியைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி ஊறியது. பக்கவாட்டில் நனைத்துத் தொங்கவிட்டிருந்த சாக்குகளைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் நனைத்த ஈரம் அப்படியே இருந்தது. கோழிகள் கழுத்தை நீட்டி, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு இரைத்தன. கத்தவில்லை. பதினேழு வருஷத்தில் அந்த ஷெட் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

ஃபாகரை நிறுத்தினாள். பக்கத்து ஷெட்டுக்கு ஓடினாள்.

“அறிவு, ஃபாகரை நிறுத்து சாமி.”

“ஏனுங்கக்கா? முப்பத்தாறு காட்டுதே.”

“காத்து ஏற்கெனவே நனைஞ்சு கெடக்குது. இதுக்கு மேல தண்ணியத் தெளிச்சா கோழி எரைச்சும் புண்ணியமில்ல. ஈரம் காஞ்சாத்தான சூடு எறங்கும்?”

“மொதலாளி அட்டையில எழுதி ஒட்டியிருக்காருங்க.”

“அவருக்குத்தான் போன் போடேன்.”

பிரபாகர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மயிலம்மாள் பேசினாள். அந்தப் பக்கம் நாதஸ்வரம்தான் கேட்டது. “சரி, சரி, அப்படியே பண்ணுங்க,” என்றார் பிரபாகர். எதை எப்படிப் பண்ணச் சொன்னார் என்று தெரியவில்லை. நிறுத்தச் சொன்னதாக மயிலம்மாள் எடுத்துக்கொண்டாள். ஓட்டச் சொன்னதாக அறிவு எடுத்துக்கொண்டான்.

“என்ற ஷெட்டுல நான் நிறுத்த மாட்டேனுங்கக்கா. நீங்க நிறுத்துனா நீங்கதான் பதில் சொல்லோணும்.”

“சொல்றேன்,” என்று திரும்பி வந்தாள்.

சாக்குகளை எல்லாம் அறுத்துக் கீழே தள்ளினாள். இரண்டு பக்கமும் திறந்துகொண்டது. மூலையில் கிடந்த நான்கு பெரிய ஃபேன்களையும் இழுத்து வந்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் காற்று போகிற மாதிரி வைத்து ஓடவிட்டாள். ஆள் அனுப்பி ஐஸ்கட்டி வாங்கி, கோழிகளின் குடிதண்ணீர்த் தொட்டியில் போட்டாள். கூரை சூடேறாமல் இருக்க அதற்கு மேலே தெளிக்கிற தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை. அது வெளியே காய்ந்துகொள்ளட்டும் என்று விட்டாள். பிறகு நடைபாதையில் நின்றாள். தான் செய்தது தப்பாக இருந்தால் ஐயாயிரமும் போய்விடும் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. புத்தகத்தில் கோழி இல்லை என்பதும் ஞாபகம் வந்தது.

மூன்றரை மணிக்கு அறிவு வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. “என்னுதுல விழ ஆரம்பிச்சிருச்சுங்கக்கா,” என்றான். அவள் ஷெட்டைப் பார்த்தான். கோழிகள் இரைத்துக்கொண்டுதான் இருந்தன, ஆனால் நின்றுகொண்டிருந்தன. ஓடிப்போய்த் தன் ஷெட்டிலும் ஃபாகரை நிறுத்தினான். அவள் இரண்டு ஃபேனைத் தள்ளிக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். ஐந்து மணிக்குக் காற்று கிளம்பியது.

மயிலம்மாள் ஷெட்டில் இருபத்து மூன்று கோழி செத்திருந்தது. அறிவின் ஷெட்டில் முந்நூற்று நாற்பது. இரண்டு பேருமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அறிவு அழுதான். மயிலம்மாள் இரண்டு மண்வெட்டியையும் கழுவி வைத்தாள்.

மறுநாள் காலையில் பிரபாகர் வந்து இரண்டு ஷெட்டையும் பார்த்தார். “உங்களுக்கு ஆரு சொன்னது?” என்று மயிலம்மாளைக் கேட்டார்.

“பாடத்துல இருக்குதுங்க. ஆவியாதல்.”

அவர் கொஞ்சம் தள்ளிப் போய்க் கால்நடை டாக்டருக்குப் போன் பண்ணினார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, “டாக்டரும் அதையேதான் சொல்றாரு,” என்றார்.

“அவரும் எட்டாவது படிச்சிருப்பாருங்க,” என்றாள் மயிலம்மாள். அவள் கிண்டல் பண்ணவில்லை.

அறிவை யாரும் திட்டவில்லை. அட்டையில் எழுதியதைத்தான் அவன் செய்தான் என்று மயிலம்மாளே முதலாளியிடம் சொன்னாள். அந்த வாரம் பழைய அட்டை போய்விட்டது. வெப்பமானியோடு காற்றின் ஈரத்தைக் காட்டுகிற மீட்டரும் வந்தது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் ஃபாகரைத் தொட வேண்டும் என்று புது அட்டை ஒட்டினார்கள்.

ஆவணியில் தேர்வு நடந்தது. ஹாலில் அவளுக்கு முன்னால் ஒரு லாரி கிளீனர், பின்னால் மோகனூரில் டீக்கடை வைத்திருக்கும் பெண். அறிவியல் தாளில் ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகள் நான்கை எழுதச் சொல்லியிருந்தார்கள். மயிலம்மாள் மூன்று பக்கம் எழுதினாள். கோழியையும் சேர்த்தாள். நேரம் போதாமல் கடைசி இரண்டு கேள்வியை விட்டுவிட்டாள். இருந்தும் அறிவியலில் அறுபத்தெட்டு வந்தது. ஆங்கிலத்தில் முப்பத்தொன்று வந்தது, முப்பத்தைந்து வேண்டும். அந்த ஒரு தாளை மறுபடி எழுதி, சரியாக முப்பத்தைந்து வாங்கினாள். சான்றிதழ் வந்ததும் பிரபாகர் ரிஜிஸ்டரை அவளிடம் கொடுத்தார். அறிவு ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்தான்.

இப்போது பத்தாவதுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மின்சாரப் பாடம் நடக்கிறது. ஷெட்டில் ஒரு ஃபேன் மட்டும் மற்றதைவிட மெதுவாகச் சுற்றுகிறது. ஏன் என்று எலக்ட்ரீசியனைக் கேட்டாள். அது அப்படித்தான் என்றார். மயிலம்மாள் சரியென்று தலையாட்டினாள். அவர் போனதும், அந்த ஃபேனுக்கு எந்த வயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே ஷெட்டின் அந்தக் கோடி வரை நடந்தாள்.