எத்தனை இன்ச் டிவி வேணும், அண்ணே?

டிவி விற்பது பெரிய விஷயமில்லை. விற்ற டிவி திரும்பி வராமல் இருக்க வேண்டுமே, அதுதான் பெரிய விஷயம். கடையில் நின்று காலும் வாயும் வலித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தலையாட்டிக்கொண்டே படிப்பீர்கள்.

மலாக்கா டவுனில் ஒரு மின்சாதனக் கடையில் எனக்கு சேல்ஸ் வேலை. தீபாவளி விற்பனை சூடு பிடிக்கும் முன்பே, நான் விற்ற இரண்டு டிவி அளவு சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டன. முதலாளி காதர் பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இன்னொன்னு திரும்பி வந்துச்சுன்னா, நீ நாளைக்கு வராதம்மா" என்றார். இந்த நாற்பத்தெட்டு வயதில் என்னை யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? அன்றிலிருந்து யார் டிவி முன்னால் வந்து நின்றாலும் எனக்குத் திரும்பி வரும் பெட்டிதான் கண்ணில் தெரியும்.

மூலைக்கு மூலை அளந்தவர்

புக்கிட் காத்திலிலிருந்து வந்த அண்ணன் மகா உஷார். "டிவியை மூலைக்கு மூலைதான் அளக்கணும், எனக்குத் தெரியும் தங்கச்சி" என்று, அலமாரியில் பழைய டிவி இருந்த இடத்தைக் குறுக்காக அளந்து வந்திருந்தார். ஐம்பது இன்ச். பெட்டி லோரி வரைக்கும் போயாச்சு. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பழைய டிவி கிட்டத்தட்ட சதுரம், புதுசு அகலம். மூலைக்கு மூலை ஒன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் இடிக்குமே!

"அண்ணே, இடத்தோட அகலம் எவ்ளோ?" என்றேன். "அதெல்லாம் நுழையும்லா, ஏத்து!" என்றார், முகம் சிவந்து. கெஞ்சிக் கூத்தாடி அவர் மனைவிக்குப் போன் போட வைத்தேன். அந்த அக்கா அளந்து சொன்ன அகலத்துக்கு ஐம்பது சத்தியமாக நுழையாது. "அப்ப அலமாரியை ரெண்டு பக்கமும் அறுத்துடுறேன்" என்றார் அண்ணன். கடைசியில் நாற்பத்து மூன்றைத்தான் எடுத்துப் போனார். காரணம் நானில்லை, போன் ஸ்பீக்கரில் கடை முழுக்கக் கேட்ட குரல்: "எங்கம்மா குடுத்த அலமாரியில ரம்பத்தை வச்சீங்க, டிவியோட நீங்களும் அங்கயே இருந்துக்குங்க!"

வளைந்த டிவி

எங்கள் கடையில் வளைந்த டிவி ஒன்று விலைபோகாமல் கிடந்தது. எப்படியாவது அதைத் தள்ளிவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. கிளேபாங்கில் ரோட்டோரமாக ரொட்டி விற்கும் ஒட்டுக்கடை போட்டிருக்கும் அண்ணன் தம்பி இருவர், வாடிக்கைக்காரர்களுக்குப் பந்து விளையாட்டு காட்ட டிவி தேடி வந்தார்கள். தம்பிக்கு வளைந்ததைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. கல்லாவிலிருந்து முதலாளி என்னையே பார்க்கிறார். விற்றால் நாலே நாளில் திரும்பி வரும், விற்காவிட்டால் இப்போதே வசவு.

கடவுளே என்று ஒரு நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டு, மூத்தவரை உட்காரச் சொன்னேன். படம் சப்பையாகத் தெரிந்தது. "நடுவுல உக்காந்தா சூப்பர்ணே" என்று தம்பி குதித்தான். மூத்தவர் எழுந்து நேரே தட்டை டிவிப் பக்கம் நடந்தார்: "ஓரத்துல உக்காந்திருக்கிறவன்தான்லா நம்ம கடையில இன்னொரு ரொட்டி கேக்கிறவன்!"

சாமிச் சுவர்

புக்கிட் பெருவாங்கில் முரளி என்பவர் வீட்டுக்கு அறுபத்தைந்து இன்ச் போனது. கொஞ்ச நேரத்தில் லோரி ஓட்டும் செல்வா போன் அடித்தான். "அக்கா, டிவி மாட்ட வேண்டிய சுவத்துல சாமி மேடை இருக்கு. புருஷன் பொண்டாட்டி சண்டை. தூக்கிட்டு வரவா?" மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஹாலில் வேறு சுவரே இல்லை. ஒரு பக்கம் படிக்கட்டு, ஒரு பக்கம் ஜன்னல். "சாமியை கிச்சனுக்கு மாத்துனா என்ன?" என்று முரளி கத்துகிறார். "அப்ப டிவியை கிச்சன்ல மாட்டுங்க, சமைச்சுக்கிட்டே பாருங்க" என்று மேடைக்கு முன்னால் நின்றுகொண்டார் அவர் மனைவி. செல்வா என் காதில், "மாத்தச் சொல்லுங்கக்கா, வேலை தப்பிச்சுடும்" என்றான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கக்கா, உங்க வீட்ல சாமியை எறக்குவீங்களா?" என்றார்.

"மாட்டேன்மா" என்றேன். ஐம்பது இன்ச் என்றால் மேடைக்குப் பக்கத்திலேயே அடங்கும் என்று அளந்து காட்டினேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பெட்டியை ஏற்றச் சொல்லிவிட்டு, வழி நெடுக அழுதுகொண்டே வந்தேன்.

கடை வாசலில் முதலாளி நின்றார். "போயிட்டு வரேன் முதலாளி" என்று பையை எடுக்கப் போனேன். அவர் வழியை மறித்தார்: "அந்த வீட்டம்மா போன் பண்ணுச்சு, ஐம்பது இன்ச் வேணுமாம், நீதான் வந்து நின்னு மாட்டிக் குடுக்கணுமாம். கண்ணைத் தொடச்சுக்கிட்டு லோரியில ஏறு!"

இப்போதெல்லாம் யார் வந்து எத்தனை இன்ச் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "வீட்டம்மா கூட வரலையா, அண்ணே?" என்றுதான்.