பொங்காலை அன்று வண்டி எடுக்க வந்தவர்

எனக்குப் பயப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போதும், கொல்லைப் பக்கம் போய்விடுவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூடப் பாதிக் காரணம் அதுதான். கணக்கு டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்குத் தெரிந்த விடையும் மறந்துபோகும். இப்படிப்பட்ட ஒருத்தி இருந்த வீட்டில்தான் என் சித்தியும் இருந்தாள். எனக்குப் பத்து வயதானபோது, பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்து அம்மனுக்குப் பொங்கலிடும் ஒரு பொங்காலை நாளில், எங்கள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போக வந்தவரை அவள் தெருவில் வைத்துத் தடுத்தாள். அவர் கையில் வண்டிச் சாவி இருந்தது. அந்தச் சாவியைக் கொடுத்தவள் நான்.

வலியசாலையில் ஒரு சந்தில் அப்போது குடியிருந்தோம். அப்பா ஆட்டோ ஓட்டினார். வண்டி ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக் கடனில் வாங்கியது. அப்பா மஞ்சள் காமாலையில் படுத்துவிட, மூன்று மாதத் தவணை நின்றுபோயிற்று. அதன் பிறகு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வரத் தொடங்கினார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. சத்தம் போடமாட்டார். வாசலில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டு மாமி கதவைத் திறக்கும் நேரம் பார்த்து, "இங்கே ஆட்டோக்காரர் வீடு இதல்லே?" என்று தெரியாதவர்போலக் கேட்பார். அவ்வளவுதான். அம்மா அன்றைக்கு முழுதும் தலை நிமிர மாட்டாள்.

அவர் வந்தால் "அப்பா இல்லை" என்று சொல்வது என் வேலையாக இருந்தது. அப்பா உள்ளே கட்டிலில் படுத்து இருமிக்கொண்டிருப்பார். நான் வாசலில் நின்று இல்லை என்பேன். அவரும் இருமலைக் கேட்டுக்கொண்டே, "சரி மோளே, வந்தா சொல்லு" என்பார். எங்கள் இருவருக்கும் தெரிந்த பொய் அது. ஆனால் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் வேர்க்கும்.

சித்தி அம்மாவின் தங்கை. வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவாள், அதனால் அவரை அவள் பார்த்ததே இல்லை. அம்மாவும் அப்பாவும் அவளிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லவுமில்லை. வயதுக்கு வந்து கல்யாணம் ஆகாமல் இருக்கிற பெண்ணிடம் வீட்டுக் கடனைப் பேசக்கூடாது என்று அம்மாவுக்கு ஓர் எண்ணம். சித்தி ஆபீசில் நாள் முழுதும் அடித்துக்கொண்டிருந்தது மற்றவர்களுடைய கடன் நோட்டீஸ்களைத்தான் என்பது அம்மாவுக்குத் தோன்றவே இல்லை.

பொங்காலைக்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா மண்பானை வாங்க சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். நான் வழக்கம்போல "அப்பா இல்லை" என்றேன். அன்று உண்மையாகவே இல்லை. உடம்பு கொஞ்சம் தேறி, பழவங்காடியில் மோர்ப் பந்தல் போடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டிருந்தார்.

அவர் என் உயரத்துக்குக் குனிந்தார். "மோளே, அச்சன் மேலே கேஸ் வரும். போலீஸ் வரும். அது வேண்டாம் அல்லே? வண்டியோட இன்னொரு சாவி இருக்குமே, அதை மட்டும் தா. நான் எல்லாம் சரியாக்கிக்கொள்ளாம். வீட்டில சொல்லண்டா, அம்மாக்குச் சங்கடமாவும்."

காலண்டர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவைப் போலீசிடமிருந்து காப்பாற்றிவிட்டதாக ஒரு நிமிடம் பெருமைகூட இருந்தது. அவர் படியிறங்கிப் போனதும் அந்தப் பெருமை போய்விட்டது. ராத்திரி ஏன் சாப்பிடவில்லை என்று அம்மா கேட்டபோது, நானும் பொங்காலை விரதம் என்றேன். அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அவர் கணக்குப் போட்டது என்னவோ சரிதான். ஆற்றுக்கால் பொங்காலை அன்று எங்கள் பக்கத்துத் தெருக்களில் எந்த வண்டியும் ஓடாது. எல்லா ஆட்டோவும் வீட்டு வாசலில்தான் நிற்கும். விடியுமுன் வந்தால் எளிதாக எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அவர் வெளியூர்க்காரர். இங்கே பெண்கள் இரண்டு நாள் முன்பே செங்கல் அடுக்கி இடம் பிடித்துவிடுவார்கள் என்பதும், முந்தின ராத்திரியே வந்து அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் படுத்துவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஒருத்தி வைத்த அடுப்புக்கல்லை இன்னொருவர் நகர்த்துகிற வழக்கம் இங்கே கிடையாது. தாண்டிக்கூடப் போகமாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள்.

எங்கள் சந்து முழுதும் அடுப்பு. அப்பா ராத்திரியே மோர்ப் பந்தலுக்குப் போய்விட்டிருந்தார். பாறசாலையிலிருந்து வந்த ஒரு கூட்டம் எங்கள் வாசலை எடுத்துக்கொண்டதால், அம்மாவும் சித்தியும் ஆட்டோவின் முன்சக்கரத்தை ஒட்டித்தான் கல் வைத்திருந்தார்கள். ஆட்டோவுக்குள் அந்தக் கூட்டத்தின் பைகள், தேங்காய், வெல்லம். பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை துணி போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் விடியும் நேரத்தில் ஒரு பையனை அழைத்துக்கொண்டு, கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, சாவியைப் போட்டார். வண்டி ஒரு இருமல் இருமியது. குழந்தை வீறிட்டது.

"எடா! என் பிள்ளை கெடக்குற வண்டியை எங்கே கொண்டுபோறே?" என்று பாறசாலைக்காரி ஒரு கத்துக் கத்தினாள். சந்தே எழுந்து உட்கார்ந்தது.

அம்மா வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். சித்தி குளித்த தலையில் துண்டோடு வந்து, "யாரு அக்கா இது?" என்றாள். அவரே சொன்னார், ஃபைனான்ஸிலிருந்து வந்திருக்கிறோம், வண்டியை எடுக்கிறோம் என்று.

சித்தி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"சாரே, இப்போ மணி என்ன?"

"ஆறேகால்."

"ஏழு மணிக்கு முன்னாடி வசூலுக்கு ஒரு வீட்டு வாசல்ல வந்து நிக்கப்படாது. தெரியாதாக்கும்?"

இப்போது அந்த நேரத்தை எட்டு என்று மாற்றிவிட்டதாகக் கேள்வி. அன்றைக்கு ஏழு என்றுதான் சித்தி சொன்னாள்.

"இது வசூல் அல்ல சேச்சி, சீஸிங்."

"அது அதைவிடப் பெரிய காரியம். அப்போ கடுதாசி எடுங்க. கம்பெனி உங்களை அனுப்பினதுக்கு லெட்டர், உங்க ஐடி கார்டு, எங்களுக்கு முன்கூட்டி அனுப்பின நோட்டீஸோட காப்பி. மூணையும் எடுங்க."

அவர் பையைத் தடவினார். இரண்டு பேனாதான் வந்தது. "எல்லாம் ஜீப்பில உண்டு."

"ஜீப் எங்கே?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். போலீஸ் விடல்லே."

யாரோ சிரித்தார்கள். "அங்கேயே ரெண்டு கல்லு வச்சிருக்கலாமே சாரே, புண்ணியமாவது கிடைச்சிருக்கும்" என்று ஒரு குரல் வந்தது.

அவருக்குக் காது சிவந்தது. ஆனாலும் பழகிய ஆள். சித்தியின் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். "நான் உங்க மரியாதைக்காக மெதுவாப் பேசறேன். இத்தற ஆளுக இருக்காங்க. கடன் விவரம் இவங்க காதில விழுந்தா உங்களுக்குத்தான் நாணக்கேடு."

அம்மா சித்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் பிள்ளே, விடு. கொண்டுபோட்டும்."

சித்தி கையை விடுவித்துக்கொண்டாள். தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள். சந்தின் இரண்டு முனைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த ஆட்டோ எங்க அத்தான் கடன்ல வாங்கினது. காமாலையில கெடந்ததால மூணு மாசம் தவணை கட்டல்லே. கடன் உண்டு. இல்லைன்னு சொல்லல்லே. கொடுப்போம். சாரு இதைத்தான் ரகசியமாச் சொல்லணும்னாரு, நான் உரக்கச் சொல்லியாச்சு." அவரைப் பார்த்தாள். "இனி உங்ககிட்டே வேற என்ன இருக்கு சாரே?"

எங்கள் வகுப்பில் படிக்கிறவளின் அம்மா மூன்றாவது அடுப்பில் இருந்தாள். பக்கத்து வீட்டு மாமி இருந்தாள். இத்தனை நாள் நான் பொய் சொல்லிச் சொல்லிக் காத்து வைத்ததை சித்தி ஒரே மூச்சில் தெருவில் கொட்டிவிட்டாள்.

முதலில் பேசியது பாறசாலைக்காரிதான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "இதுக்கா இந்தப் பயமுறுத்து? எனக்கும் கடன் உண்டு, மகளிர் குழுவில எடுத்தது" என்றாள். "என் வீட்டுல ரெண்டு லோன்" என்றாள் இன்னொருத்தி. பக்கத்து வீட்டு மாமி, யாரும் கேட்காமலே, தன் மகன் பைக்குக்கு மாசாமாசம் எவ்வளவு கட்டுகிறான் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அவர் கடைசிச் சீட்டை எடுத்தார். சாவியை உயர்த்திக் காட்டினார். "சரி. ஆனா இது உங்க வீட்டிலேர்ந்து மனசோடெ தந்த சாவி. வண்டியை நீங்களே ஒப்படைச்சாச்சு. பின்னே எந்த லெட்டரும் வேண்டாம்."

சித்தி முதன்முறையாகத் தடுமாறினாள். "யாரு தந்தா? அக்கா, நீயா?" அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அப்பாவா என்ற சந்தேகம் இருவர் முகத்திலும் வந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். வாயைத் திறந்தால் அழுகை வரும் என்பதால் கையை மட்டும் தூக்கினேன், வகுப்பில் தூக்குவதுபோல.

சித்தி என்னைத் திட்டவில்லை. "எந்தக் கிளாஸ்ல படிக்கிறே, சாருக்குச் சொல்லு" என்றாள்.

"அஞ்சு."

"கேட்டியளா? மக்ளே, உன் நோட்டை எடுத்துட்டு வா."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஆட்டோவின் கூரைமேல் வைத்தாள். "சாரே, பேனா உங்ககிட்டேயே இருக்கு. எழுதுங்க. 'பெரியவங்க இல்லாத நேரம் பார்த்து, பத்து வயசுப் பிள்ளையைப் போலீஸ்னு பயமுறுத்திச் சாவி வாங்கினேன்.' கீழே உங்க பேரு, கம்பெனி பேரு, ஒப்பு. எழுதித் தந்துட்டு வண்டியைக் கொண்டுபோங்க. நானே கல்லை எடுத்து மாத்தித் தாரேன்."

போலீஸ் விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் திகைத்தேன். அவரும் திகைத்திருக்க வேண்டும். தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாவியை நீட்டினார்.

"என்கிட்டே வேண்டாம். வாங்கின கையில கொடுங்க."

அவர் குனிந்தார். இந்தத் தடவை மோளே என்று கூப்பிடவில்லை. சாவி சூடாக இருந்தது.

திரும்பிப் போவதும் அவருக்கு எளிதாக இல்லை. "அடுப்புக்கு நடுவே செருப்போடயா?" என்று பாறசாலைக்காரி அதட்டினாள். அவரும் கூட வந்த பையனும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடுப்பையும் சுற்றிச் சுற்றி, சந்து முனைவரை போக வேண்டியிருந்தது. பெண்கள் ஒருவரும் ஒதுங்கிக் கொடுக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில்தான். சித்தி கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினாள், ஒப்புகை அட்டையோடு. அப்பாவை அழைத்துக்கொண்டு கிளை ஆபீசுக்கே போய்த் தவணையைச் சின்னதாக்கி எழுதி வாங்கினாள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது இல்லாமல் அவர்கள் திரும்பியதில்லை. கடன் முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கோ அன்று காலையே கடன் தீர்ந்துவிட்டதென்று எண்ணம். அடுத்த மாதம் அப்பா பணம் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, தோற்றுப்போனவர்களுக்கு எதற்குப் பணம் கொடுக்கவேண்டும் என்று கேட்டேன்.

சித்தியோடு ஒரு வாரம் நான் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது ஆட்டோக் கடன் என்று கேலி செய்வார்கள் என்று தினமும் காத்திருந்தேன். ஒருவரும் செய்யவில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள், நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது, அவர் சந்து முனையில் மறைந்த பிறகு நடந்ததுதான். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தி மெதுவாக வீட்டுக்குள் போனாள். கொல்லையில் துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம், "விரதமில்லையா, வெறும் வயிறு" என்றாள். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. சத்தம் போட்டதற்குச் சாமி கொடுத்த தண்டனை என்றுகூட எண்ணினேன். பயம் என்பது எனக்கு மட்டும் உள்ள வியாதி என்று அப்போது நம்பியிருந்தேன்.

சித்தி முகம் கழுவிக்கொண்டு வந்து, ஆட்டோவின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், தன் அடுப்புக்கல்லை ஒட்டி உட்கார்ந்தாள். "மணி என்ன மக்ளே?" என்றாள். ஏழாக இன்னும் பத்து நிமிடம் என்றேன். "ஏழுக்கு மேலே லெட்டரோட வந்தா உக்கார வச்சுப் பேசலாம்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அவர் போய் மறைந்த சந்து முனையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே இருந்தாள். கோயிலிலிருந்து அடுப்புக்கு அடுப்பு கைமாறி வரும் தீயைத்தான் அவ்வளவு ஆசையாக எதிர்பார்க்கிறாள் என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்தேன். தீ வருஷாவருஷம் எங்கள் சந்துக்கு மறுமுனையிலிருந்துதான் வரும்.