மாமனார் காருக்கு பூட்ஸ் பாலிஷ்

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறும் மாதா கோயில் பூசையில் சாமியார் எங்கள் பெயர்களை வாசித்து, "தடை உண்டா?" என்று கேட்க வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால் பெண் எனக்கு. அதுவரை என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை அவர் வெளியூர் போயிருந்தார். நல்ல பெயர் வாங்குகிறேன் பேர்வழி என்று, அவருடைய கறுப்புக் காரைக் கழுவுவதற்கு வெளியே எடுத்தேன். அல்சூர் வீட்டு வாசல் தூணில் உரசிவிட்டேன். கதவில் முழ நீளத்துக்குக் கீறல்! பெற்ற பிள்ளைகளையே அந்தக் காரைத் தொட விடாதவர் அவர்.

பெண் ஓடி வந்தாள். "ஐயையோ! அப்பா சாயங்காலம் வந்துடுவாரே. கல்யாணமே வேணாம்னுடுவாரு!"

"நீ அழறியா, சிரிக்கிறியா?"

"ரெண்டும்தான். பேஜாரா இருக்கு, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க!"

உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். அவள் டப்பாவைப் பிடிக்க, கறுப்புப் பெயிண்ட் பூசினேன். அது காய இரண்டு நாள் வேண்டும். பொறுமை யாருக்கு இருந்தது? மேலாகக் காய்ந்த இடம் மங்கலாக, ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரிந்தது. நானோ கண்டோன்மென்ட் சிப்பாய்களுக்கு பூட்ஸ் விற்கிறவன். பாலிஷ் போட்டுப் பளபளக்காத பொருள் உலகத்தில் உண்டா? கறுப்பு பூட்ஸ் பாலிஷ் டப்பாவில் பாதியை வழித்துத் தேய்த்தேன். கதவு கண்ணாடியாகிவிட்டது! என் மூக்கில் பெயிண்ட், அவள் காதில் பாலிஷ். சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது.

மாலையில் வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறு காலை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கோயில் வாசலில் வெயிலில் அந்தக் கதவில் சாய்ந்தபடி ஊர்க்கதை பேசினார். உள்ளே போகும்போது பார்த்தேன்: முதுகில் ஒரு கறுப்புப் பட்டை! பாலிஷ் மூடிய பெயிண்ட் காயவே இல்லை.

பின்பெஞ்சுகளில் கிசுகிசுப்பு பரவியது. யாரோ அவர் காதில் சொன்னார்கள். முதுகைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். நேரே என் பக்கம் திரும்பினார். நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"தடை ஏதும் உண்டா?" என்றார் சாமியார்.

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கும் மகளைப் பார்த்தார். அவர் மீசை லேசாகத் துடித்தது.

"தடை ஒண்ணுமில்ல சாமி. கோட்டை மட்டும் மாப்பிள்ளை துவைச்சுக் குடுத்துடணும்."

மாப்பிள்ளை! கோயில் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.