மாமா தோற்ற ஞாயிற்றுக்கிழமை

சைக்கிள் ஓட்டுவதற்கு என் மாமாவுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை எங்கள் கொட்டாஞ்சேனை ஃபிளாட்டில் ஒருவரும் எளிதில் நம்பவில்லை. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. ஆறு மாதம் பார்ப்போம், தேறினால் வைத்துக்கொள்வோம் என்று ஒரு சைக்கிள் பந்தய அணியில் அவரைச் சேர்த்திருந்தார்கள். "தம்பி, எந்தக் கடைக்கு டெலிவரி?" என்று கீழ்மாடி அங்கிள் கேட்பார். நான் மட்டும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் மாமாதான் முதலாவது என்று நான்காம் வகுப்பு முழுவதற்கும் சொல்லி வைத்திருந்தேன்.

போட்டி வெள்ளவத்தையில், கடலோர வீதியில். பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்புவது ஒரு சுற்று, அப்படி இருபது. நானும் அம்மாவும் விடியவே பஸ் ஏறிப் போய் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். முதற் சுற்றிலேயே மாமா முன்னால் வந்தார். அடுத்ததிலும் அவர்தான். கடற்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு அவர் தலை குனிந்து மிதிக்க, மற்றவர்கள் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். அவர்களுக்கு மாமாவைக் கண்டால் பயம் என்று அம்மாவுக்கு விளக்கினேன். நடுவில் ஒருமுறை அவர் வேண்டுமென்றே பின்தங்கி, வீதியோரம் நின்ற அணிக்காரரிடம் ஐந்தாறு தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி ஜேர்சிக்குள் செருகிக்கொண்டு போனார்.

"பாவம், சரியான தாகம் போல," என்றார் அம்மா.

கடைசிச் சுற்றிலும் மாமாவே முதலில். அவர் முதுகோடு ஒட்டியபடி, அதே நிற ஜேர்சியில், அவர்களுடைய அணித் தலைவர். நான் துள்ளினேன். கோட்டுக்குக் கொஞ்சத் தூரம் இருக்கையில் மாமா ஓரத்துக்கு விலகிவிட்டார். தலைவர் பாய்ந்து கோட்டைத் தாண்டினார். பிறகு ஒருவர், இன்னொருவர். எண்ணுவதைப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டேன். ஆறுதலாக உருண்டு வந்த மாமா, இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தபடி கோட்டைக் கடந்தார். தோற்றுப்போய்க் கையைத் தூக்கும் மனிதரை அன்றுதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"ஏன் அவரை முன்னுக்குப் போக விட்டனீங்கள்?"

மூச்சு வாங்கிக்கொண்டே மாமா, "அதுதானே பிள்ளை என்ர வேலை," என்றார்.

அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தலைவர் வந்து, தம்பியைச் சிங்களத்தில் கூப்பிடுவதுபோல் "மல்லி, மல்லி" என்று மாமாவைக் கட்டிப்பிடித்து என்னவோ சொன்னார். பிறகு என் முன்னால் குந்தி, தெரிந்த தமிழில், "தங்கச்சி, இன்டைக்கு வின் பண்ணினது உங்கட மாமாதான்," என்று தான் வென்ற கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில், மாமாவுக்குக் காய்ச்சல், அதனால் ஓடவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டில் அவரோடு கதைக்கவில்லை. வாழைப்பழம் பிசைந்து அவர் தந்த பிட்டையும் தள்ளிவிட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் தலைவர் போன் எடுத்தார். மாமா ஜன்னலடியில் நின்று "ஓவ் அய்யே, ஓவ் அய்யே" என்று, ஓம் அண்ணா என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார். அம்மாவும் அழுதார்.

இந்த மல்லி இல்லாமல் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகமாட்டேன் என்று தலைவர் அணியில் சொல்லிவிட்டாராம். மாமாவை நிரந்தரமாக எடுத்துவிட்டார்களாம். முன்னால் போகிறவர் காற்றை உடைத்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது இலகு என்பதும், அந்தத் தண்ணீர்ப் போத்தல்கள் அணியின் மற்றவர்களுக்கு என்பதும், இதையெல்லாம் கடைசிவரை தாங்கிச் செய்ய ஆள் கிடைப்பது அரிது என்பதும் எனக்குப் புரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. தோற்றவர்கள்தான் அழுவார்கள் என்பது மட்டுமே அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

கோபமெல்லாம் போய்விட்டது. கிட்டப் போய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதீங்கோ மாமா. அடுத்தமுறை இன்னும் கெதியா ஓடினா நீங்களும் வெல்லலாம்."

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சமும் சிரிக்காமல், "ஓம் பிள்ளை, ட்ரை பண்ணிப் பார்க்கிறன்," என்றார்.