தாய்மாமன் கோபமும் பந்தல் செலவும்

"இந்த 'இன்கர்'னா என்னங் சார்?"

போன வாரம் கவிதா கேட்டாள். கொழிஞ்சாம்பாறையில் என் பக்கத்து வீட்டுப் பெண். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். நடுவில் கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. இங்கிலீஷ் வாத்தியார் பக்கத்து வீட்டில் இருந்தால் சும்மா விடுவார்களா?

"நாமாக ஒரு காரியம் செய்து செலவையோ, நஷ்டத்தையோ, அடுத்தவர் கோபத்தையோ இழுத்து வைத்துக்கொண்டால் அது இன்கர். லாபத்தை யாரும் இன்கர் செய்வதில்லை, பாராட்டையும்தான். பாவம்... நல்லதே பார்க்காத சொல்!" என்று விளக்கிவிட்டு ஒரு உதாரணத்துக்காக யோசித்தேன்.

யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. உதாரணம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது — அவள் அப்பா பழனிச்சாமி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை சாமிக்கு அடுத்தபடி தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். அதுவும் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைக்க வேண்டும். பழனிச்சாமி என்ன செய்தார்? பொள்ளாச்சியில் பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்து சீட்டில் பழைய சிநேகிதர். பூரித்துப்போய்க் கட்டைப் பிரித்து ஒன்றை நீட்டிவிட்டார்.

அந்தச் சிநேகிதர் தேங்காய் வியாபாரி. அன்று சாயங்காலமே அவர் விலை பேசப் போனது யார் தோப்புக்கு? பெருமாட்டியில் இருக்கும் கவிதாவின் தாய்மாமன் ஆறுச்சாமி தோப்புக்கு! போன இடத்தில் பத்திரிகை வாங்கிய கதையையும் சொல்லிவிட்டார்.

"கல்யாணத்துக்கே வரமாட்டேன்னு சொல்லிப்போட்டானுங் சார். அவன் இல்லாம எப்படிங் முகூர்த்தம்? என்ற சம்சாரம் அழுதுட்டே இருக்கா..." என்றார் பழனிச்சாமி.

கவிதாவுக்கும் கண் கலங்கிவிட்டது. மாமன் தோளில் வளர்ந்த பெண் அவள். மாமன் வராவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் எல்லோருமாகப் பெருமாட்டிக்குப் போனோம். என்னையும் விடவில்லை. ஆறுச்சாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க சார்" என்று என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"தப்புத்தான் மாப்ள" என்றார் பழனிச்சாமி. "பஸ்ஸுல கைய வெச்சுட்டுச் சும்மா வந்திருக்கோணும்."

"எனக்கெதுக்குங் மச்சான் பத்திரிகை? பஸ்ஸுல போறவங்களுக்கெல்லாம் குடுத்தாச்சல்லோ!"

கவிதா அம்மா கையிலிருந்த பத்திரிகைத் தட்டை வாங்கி முன்னால் நீட்டினாள். "மாமா, நீங்க வல்லீன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாங்."

அவ்வளவுதான், மனிதர் உடைந்துபோனார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். வாங்கிய கையோடு பழைய விறைப்பும் திரும்பிவிட்டது!

"வாறேன் அம்முணி. ஆனா ஒண்ணு. பந்தலும் சாப்பாடும் என்ற பொறுப்பு. என்னய வுட்டுப்போட்டு ஊருக்குப் பத்திரிகை குடுத்தாரில்ல உங்கப்பன்... அதுக்கு இதான் அபராதம்!"

எனக்குத் தலை சுற்றியது. தப்புச் செய்தவர் ஒருவர், அபராதம் கட்டுபவர் இன்னொருவரா? பழனிச்சாமி வாயைத் திறந்தார். "பேசாதீங்க மச்சான்!" என்று ஒரு அதட்டல். பழனிச்சாமியின் சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

திரும்பும் வழியில் கவிதா மெல்லக் கேட்டாள். "கோவத்த இன்கர் பண்ணுனது எங்கப்பா. செலவ இன்கர் பண்ணுனது எங்க மாமா. சரிங்களா சார்?"

நூற்றுக்கு நூறு போட்டேன்.

நல்லதே பார்க்காத சொல் என்றேன் அல்லவா? அது இதுவரை பெருமாட்டிப் பக்கம் வந்ததில்லை... அவ்வளவுதான்.